வலஞ்சுழித் தண்ணீர்

குடிநீரின் தரத்தை அறிய மனிதகுலம் கண்ணாடிக் குழாய், நுண்ணோக்கி என்று வீணாக அலைந்துகொண்டிருக்க, எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் அந்தச் சிக்கலை ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடத் தொடாமலே தீர்த்துவிட்டது. சரித்திரம் கவனிக்கத் தவறியதால் நான் எழுதிவைக்கிறேன்.

வார இறுதிப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த சங்கத் தலைவர், செயற்குழுவினரான எங்களுக்கு ஆளுக்கொரு பெண்டுலம் வாங்கி வந்தார். நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு. தண்ணீருக்கு மேலே பிடித்து, "நீ நல்ல தண்ணீரா?" என்று மனத்துக்குள் கேட்க வேண்டும். வலப்பக்கம் சுற்றினால் குடிக்கலாம். இடப்பக்கம் சுற்றினால் கூடாது. தண்ணீரை 'நீங்கள்' என்று அழைப்பதுதானே மரியாதை என்று விவாதிக்கத் தனிக் கூட்டம் நடந்தது.

சோதனைக்குக் காரணம் தரைத்தளத்துத் தையல்காரம்மா. அவர் மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். மொட்டைமாடித் தொட்டியைத் திறந்து கழுவ வேண்டுமாம். மூடியின்மேல் தலைவரின் மனைவி வளர்க்கும் ரோஜாச் செடிகள் இருந்தன. இடம் மாறினால் அவை வாடிவிடும். ஆகவே விஷயத்தை 'அறிவியல்பூர்வமாக' அணுக முடிவாயிற்று. செயற்குழுவினர் வீடுகளில் எல்லாம் ஃபில்டர் இருக்கிறது, தையல்காரம்மா வீட்டில் இல்லை என்பது போன்ற அற்ப விவரங்களுக்குள் நான் போக விரும்பவில்லை.

ரோஜாக்களுக்கு நடுவே கைகளை நீட்டி, மூடிய தொட்டியைச் சோதித்தோம். எல்லாம் வலப்பக்கம் சுற்றின. பொருளாளருடையது மட்டும் தயங்கிற்று. தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் சுற்றத் தொடங்கிற்று. தையல்காரம்மா பிடித்தபோது இடப்பக்கம் போனதற்கு அவரிடமிருந்த 'எதிர்மறை அலைகளே' காரணம் என்று கண்டறியப்பட்டது. தண்ணீர் பெரும்பான்மை வாக்குகளால் சுத்தமாயிற்று.

சங்கம் அதோடு நிற்கவில்லை. சிறுமியின் புகைப்படத்தின்மேலும் பெண்டுலத்தைப் பிடித்த தலைவர், குழந்தையின் வயிறு சிறப்பாக இயங்குவதாக அறிவித்தார்.

"ஆமா சார்," என்றார் தையல்காரம்மா. "ராவும் பகலும் இயங்கிக்கிட்டேதான் இருக்கு."

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு தட்டோடு வந்தார். தம் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரை எங்கள் ஒவ்வொருவர் முன்னும் டம்ளரில் வைத்தார்.

"குடிங்க சார்."

கூட்டத்தில் தண்ணீர் குடிக்கும் வழக்கம் இல்லை என்று செயலாளர் விதிகளை நினைவூட்டினார்.

"உங்க குண்டே நல்ல தண்ணின்னு சொல்லிருச்சே. அப்புறம் என்ன யோசனை?"

"அது பொதுவாச் சொன்னதும்மா," என்றார் தலைவர். "டம்ளருக்கு டம்ளர் மாறும். தனித்தனியா கேட்டாத்தான் தெரியும்."

பெண்டுலங்கள் வெளியே வந்தன. தலைவருடையது இடப்பக்கம் சுற்றிற்று. செயலாளருடையதும் பொருளாளருடையதும் அப்படியே. என்னுடையது விரலைப் பிய்த்துக்கொண்டு பறக்கப் பார்த்தது.

தையல்காரம்மா டம்ளர்களைத் தட்டில் அடுக்கினார். "தொட்டி கழுவ ஆள் வாசல்ல நிக்குது. மாடிச் சாவியைக் குடுங்க."

தலைவர் எடுத்துக் கொடுத்தார்.

பெண்டுலத்தை மூடநம்பிக்கை என்று ஏளனம் செய்வோர் இருக்கிறார்கள். நேரில் பார்த்தவன் சொல்கிறேன்: அதைவிடத் துல்லியமான கருவி உலகத்தில் இல்லை. அடுத்தவர் குழந்தை குடிக்கப்போகும் தண்ணீருக்கு வலப்பக்கமும், நாம் குடிக்கப்போகும் தண்ணீருக்கு இடப்பக்கமும் ஒரு தடவைகூடப் பிசகாமல் சுற்றுகிறது.