இருநூறு வாட்ஸில் ஒரு ரகசியம்

மனிதர்களை வாட் கணக்கில் அளந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் மயிலாடியில்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். தெருவுக்கு அவர் வாட்ஸ்.

தொழில் மைக் செட். கோயில் கொடை, சபை ஆண்டுவிழா, சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான். ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் ஊர் எது என்று கேட்கமாட்டார். இரண்டு வார்த்தை பேசவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டு, தீர்ப்புச் சொல்வார். எங்கள் போதகருக்கு அறுபது வாட்ஸ். என் பள்ளித் தலைமையாசிரியருக்குப் பதினைந்துதான், “ஆனா கிளியர்.” என்னைப் பற்றி அவர் கருத்து இது: “டீச்சருக்கு நாப்பது வாட்ஸ் இருக்கு. அதுல முப்பது பயத்துக்கே செலவாயிருது.”

கடையில் விற்கும் ஆம்ப்ளிஃபயரைக் கையால் தொடமாட்டார். எல்லாம் அவரே டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி, இரும்புப் பெட்டிக்குள் அடக்கிச் செய்தவை. ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். “என் ஆம்ப்ளி கொரகொரத்துச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், அன்னைக்கே தொழில விட்டிருதேன்” என்பார். யாரும் சொன்னதில்லை. சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை.

சத்தத்தோடு சேர்ந்து வரும் இரைச்சல்தான் அவருடைய பரம எதிரி. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து வீடியோக்காரரின் விளக்கை அணைத்துவிட்டார், அது இரைகிறதாம். மாப்பிள்ளை தடவித் தடவித் தாலி கட்டினார். இன்னொரு தடவை ஒரு சாவு வீட்டில் ஒலிபெருக்கியில் உய்ங் என்று ஒரு சத்தம். வாட்ஸ் வயரைப் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் பிணத்தை வைத்திருந்த குளிர்பெட்டியின் பிளக்கில் கை வைத்தார். மூத்த மகன் ஓடி வந்தார்.

“வே வாட்ஸே, அது அப்பாவுக்குப் போட்டதுல்லா.”

“அப்பாவுக்கு அஞ்சு நிமிஷத்துல இனி என்னடே வந்திரப்போவுது? பாட்டு கெட்டுப்போவுதுல்லா.”

இந்த மனிதரைத்தான் நான் என் வீட்டுக்கு அழைத்தேன். காரணம் என் மகள் ஷீபா.

ஷீபா அப்போது மஸ்கட்டில் நர்ஸ். விடுமுறைக்கு வந்த ஒரு தோழியிடம் கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். வீட்டு இன்டர்நெட்டிலிருந்தும் போனிலிருந்தும் வயரே இல்லாமல் பாட்டை வாங்கிக்கொள்ளும் பெட்டி. அப்பாவின் பழைய பெரிய ஸ்பீக்கர்களோடு சேர்த்துக் கேளுங்கள் என்று ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. எனக்குப் பாட்டைவிட அந்தத் துண்டுச்சீட்டு முக்கியமாக இருந்தது. ஏனென்றால் இரண்டு மாதமாக அவள் போனில் பேசியதெல்லாம் ஒரே வரிதான்: “நல்லா இருக்கேம்மா, டியூட்டிக்கு நேரமாச்சு.” நல்லா இருப்பவள் அப்படிச் சொல்லமாட்டாள் என்று என் மனது அடித்துக்கொண்டது. என் கணவரோ, மகள் சீக்கிரமே தலைமை நர்ஸ் ஆகிவிடுவாள் என்று தெருமுனை டீக்கடையில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் வாட்ஸ் தன் இருநூறு வாட்ஸ் பவர் ஆம்ப்ளியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கறுப்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது சொல்லிக் குடுக்குத ஆளு மட்டும்தான் டீச்சரே. இதுக்குத் தொண்டை கிடையாது. தொண்டை நம்ம ஆம்ப்ளி.”

பெட்டியின் பின்னால் இருந்த சிவப்பு, வெள்ளைத் துளைகளில் வயரைச் செருகி ஆம்ப்ளிக்குக் கொடுத்தார். ஆம்ப்ளியில் இருந்த குமிழைக் கடைசிவரை திருகினார்.

“அண்ணே, முழுசாட்டு வச்சா வெடிச்சிராதா?”

“பேடிக்காதிய. பவர் ஆம்ப்ளி வண்டிமாடு மாதிரி. குடுத்தத இழுக்கும், அவ்வளவுதான். கூட்டுததும் குறைக்குததும் முன்னால உள்ள பெட்டி பாத்துக்கிடும். உங்க போன்ல என்னமோ கேக்குதே, அதை வாசிங்க.”

போனில் அந்தப் பெட்டிக்கான ஒரு பக்கம் திறந்திருந்தது. வெளியே போகும் சத்தம் ஃபிக்ஸடா, வேரியபிளா என்று கேட்டது. வாட்ஸுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த நான் யோசித்தேன். வேரியபிள் என்றால் மாறிக்கொண்டே இருக்கும். மாறிக்கொண்டே இருக்கும் எதையும் நான் வாழ்க்கையில் நம்பியதில்லை. ஃபிக்ஸட் என்றால் நிலையானது, அடக்கமானது, பத்திரமானது. அதைத் தொட்டேன்.

“எல்லாம் செரி பண்ணியாச்சு அண்ணே.”

அதற்கு அர்த்தம், போனில் எவ்வளவு குறைத்தாலும் பெட்டி கேட்காது, முழுச் சத்தத்தையும் அப்படியே ஆம்ப்ளிக்குத் தள்ளிவிடும் என்பது. இது எனக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு மட்டுமல்ல, தெருவுக்கே தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரே சிற்பக்கூடம். விடிந்ததிலிருந்து கல்லில் உளி விழும் சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்துக்கு நடுவே வாட்ஸ் எதையும் சோதிப்பதில்லை. வாசலுக்குப் போய்க் கையைத் தூக்கினார்.

“மக்கா, அஞ்சு நிமிஷம் உளியை வையுங்கடே. டெஸ்டிங்.”

தெருவின் பழக்கம் அது. வாட்ஸ் கை தூக்கினால் மேஸ்திரி முதல் கடைசி ஆள்வரை உளியை வைத்துவிடுவார்கள். பீடி பற்றவைக்க ஒரு சாக்கு. மயிலாடியே மூச்சைப் பிடித்தது போல அமைதி. டீக்கடையில் டம்ளர் வைக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து என் போனில் ஷீபாவிடமிருந்து ஏதோ வந்தது. குரலைப் பதிந்து அனுப்பும் வசதி எங்கள் வீட்டுக்கு வந்த புதிது. இரண்டு மாதமாகக் காத்திருந்த தாய் என்ன செய்வாள்? போன் அந்தக் கறுப்புப் பெட்டியோடு சேர்ந்திருப்பது மறந்துபோய், அமுக்கிவிட்டேன்.

“அம்மா.”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிற்பக்கூடத்துக் கூரையில் இருந்த காகங்கள் மொத்தமாகக் கிளம்பின.

“போன்ல பேசினா அழுதிருவேன், அதான் இப்பிடி அனுப்புதேன். நான் வேலைய விட்டுட்டேம்மா.”

சத்தத்தைக் குறைக்கும் பொத்தானை அமுக்கினேன். குறையவில்லை. மறுபடியும் அமுக்கினேன். நிறுத்துவதற்கு வேறு வழி இருப்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

“ரெண்டு மாசமா ராத்திரி டியூட்டி மட்டும்தான் போடுதாவ. ஒருநாள் வார்டுலயே மயங்கி விழுந்துட்டேன். புதன்கிழமை காலைல திருவனந்தபுரத்துல இறங்குதேன். அப்பாகிட்ட மெதுவா சொல்லு.”

அந்த ‘மெதுவா’ மருந்துவாழ் மலைவரை போய்த் திரும்பி வந்திருக்கும். வழியில் டீக்கடையில் அப்பாவையும் பார்த்திருக்கும்.

வாசலில் நின்ற வாட்ஸ் பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார். அவர் செய்த ஆம்ப்ளியின் பெருமைகளில் ஒன்று, கரண்ட் போன பிறகும் உள்ளே தேங்கியிருப்பதை வைத்து மூன்று விநாடி பாடும். பிளக் அவர் கையில் தொங்கிக்கொண்டிருக்க, ஸ்பீக்கர் மிச்சத்தையும் சொல்லி முடித்தது.

“தெருவுல யாருக்கும் தெரியண்டாம்.”

எந்த உளியும் மறுபடி தொடங்கவில்லை.

எனக்கு இரண்டு பயம். பிள்ளை மயங்கி விழுந்திருக்கிறாள் என்பது ஒரு பக்கம். கல்ஃபிலிருந்து பாதியில் திரும்பும் பெண்ணை இந்தத் தெரு என்னென்ன கேள்வி கேட்டுத் துளைக்கும் என்பது இன்னொரு பக்கம். அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி திரும்பி வந்து ஆறு மாதம் வாசல் பக்கம் வராமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் மேஸ்திரி எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டார். பின்னால் நாலைந்து பேர்.

“டீச்சரே, பிள்ளைக்கு என்னவாம்? வேலைய விட்டாளாமே?”

நான் வாய் திறக்கும் முன் வாட்ஸ் குறுக்கே போய் நின்றார்.

“எந்தப் பிள்ளைவே? ஆம்ப்ளி கிழிஞ்சுபோச்சு. டிரான்சிஸ்டர் ரெண்டும் போச்சு. கொரகொரன்னு கத்தினது உமக்கு வார்த்தையாட்டுக் கேட்டுச்சோ?”

“இல்ல, புதன்கிழமைன்னு…”

“நான் பக்கத்துல நின்னவன். எனக்கே ஒரு எழவும் விளங்கல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன உமக்கு விளங்கிச்சாக்கும்?”

மேஸ்திரி வாட்ஸையே பார்த்தார். அவர் முகத்தில் என் மகளைப் பற்றிய யோசனை அணைந்து, வேறொன்று எரிந்தது.

“உம்ம ஆம்ப்ளியா கிழிஞ்சுது?”

“ஆமா. கிழிஞ்சுது.”

“நீரே சொல்லுதீரு?”

“நானேதான் சொல்லுதேன். போய் ஊரு முழுக்கச் சொல்லும்.”

சொன்னார்கள். வாட்ஸே டீக்கடைக்குப் போய் அதையே சொன்னார். ஒரு நர்ஸ் வேலையை விடுவதெல்லாம் எங்கள் ஊரில் ஒரு செய்தியா? வாட்ஸின் ஆம்ப்ளி கொரகொரத்தது, அதை அவரே ஒப்புக்கொண்டார் என்பதுதான் செய்தி. சாயங்காலத்துக்குள் அது சுசீந்திரம்வரை போய்விட்டது.

என் கணவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். நான் அழத் தயாராக நின்றேன். அவர் ஆம்ப்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது இவ்வளவுதான்:

“புதன்கிழமை எத்தனை மணிக்கு இறங்குதா?”

ஷீபா வந்தாள். பாதி உடம்பாக வந்தாள். தெருவில் நடந்தபோது கேட்டவர்களெல்லாம், “லீவா மக்ளே?” என்றுதான் கேட்டார்கள். தெரிந்திருந்தவர்களும் தெரியாததுபோல இருக்க வாட்ஸ் ஒரு வழி செய்து கொடுத்திருந்தார். நாலு மாதம் தூங்கி, தின்று, தேறி, நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் போனில் குரல் செய்தி வந்தால், வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அமுக்குவேன்.

அந்த வருடம் சபை ஆண்டுவிழாவுக்குக் கமிட்டியார் வேறு மைக் செட் பேசினார்கள். அதற்கு அடுத்த வருடமும் அப்படித்தான். நான் ஒருநாள் வாட்ஸிடம் மெல்லக் கேட்டேன்.

“அண்ணே, அன்னைக்கு ஏன் அப்பிடிச் சொன்னிய?”

“கிழிஞ்சுது, சொன்னேன். உங்களுக்குப் பயத்துல செவி அடைச்சிருந்துது டீச்சரே.”

அதற்கு மேல் பேசவிடவில்லை.

கமிட்டியார் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அன்று அந்த ஆம்ப்ளியில் எந்தப் பழுதும் இல்லை. பேச்சின் நடுவே என் மகளுக்குத் தொண்டை அடைத்ததுகூட அதில் தெளிவாகக் கேட்டது.