கிளிமஞ்சாரோவில் என் ஆறடிப் பதாகை

மேடையில் மாலை வாங்கிப் பழகிய கழுத்து சும்மா இருக்காது. எனக்கு அந்த வருத்தம், தீராத வியாதி, இருந்தது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் ரொறன்ரோக் கிளைக்கு நான் ஏழு வருடம் தலைவர் (போட்டிக்கு ஆள் வரவில்லை, அது வேறு கதை). அந்த வருத்தத்தோடு ஆபிரிக்காவின் ஆக உயர்ந்த மலையில் ஏறி, பெற்ற பிள்ளையிடம் மானம் கெட்டு வந்தேன்.

மகள் தாரணி வளர்ந்த காலம் முழுக்க நான் லொறி ஓடினேன். சனி, ஞாயிறு என்றால் சங்கம். பல்கலைக்கழகம் முடித்த கையோடு அவள் கேட்டாள்: “அப்பா, கிளிமஞ்சாரோ ஏறுவமா? ஜஸ்ட் யூ அண்ட் மீ. உங்களோட நான் ஒரு கிழமை முழுசா இருந்ததே இல்லை.”

எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு கரையும். எனக்கும் கரைந்தது. அதோடு ஆண்டு விழா மலருக்கு நல்ல அட்டைப்படம் கிடைத்துவிட்டது என்றும் நினைத்தேன். (புத்தியைப் பாருங்கோ!)

“ஓகஸ்டில போவம்” என்றாள்.

“கோடையிலயோ? சனிக்குச் சனி கலியாணம், சாமத்தியவீடு. தலைவர் இல்லாமல் எப்பிடி? நவம்பரில போவம்.”

“நவம்பர் அங்க ஷோர்ட் ரெயின்ஸ், அப்பா.”

“சின்ன மழைதானே பிள்ளை! மாரி மழைக்குள்ள சைக்கிள் ஓடின ஆள் நான்.”

மலையில் எங்கள் பொதிகளைச் சுமையாட்கள் தூக்குவார்கள். ஆளுக்குப் பதினைந்து கிலோ. அதற்கு மேல் ஒரு சொக்ஸ்கூட எடுக்க மாட்டார்கள். தாரணி ஒரு மாதமாக நிறுத்து நிறுத்து இரண்டு பொதிகளையும் கட்டி வைத்திருந்தாள். புறப்படும் நாள் காலை, ஸ்காபரோ பிளாசா ஒன்றிலிருந்து நான் இரகசியமாக அடிப்பித்த பதாகை வந்து சேர்ந்தது. தடித்த பிளாஸ்ரிக், ஆறடி நீளம், நாலு மூலையிலும் ஓட்டை, நடுவில் என் முகம். கீழே, ‘கிளிமஞ்சாரோ கண்ட எங்கள் ஊர்ச் சிங்கம்’.

அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம் அவளுடைய பொதியைத் திறந்தேன். மழைக்குப் போடும் காற்சட்டையையும் தடித்த கம்பளிச் சட்டையையும் இழுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுச் சிங்கத்தை உள்ளே வைத்தேன். என் பொதியில் இருந்து ஏன் எடுக்கவில்லை என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சின்ன மழை இரண்டாம் நாள் தொடங்கியது. அட, வானத்தையே கவிழ்த்து ஊற்றினார்கள்! தாரணி காற்சட்டையைத் தேடிப் பொதிக்குள் கையை விட்டு, என் முகத்தை வெளியே எடுத்தாள். நனைந்தபடி அதை முழுதாக வாசித்தாள். மடித்துத் திரும்பப் பொதிக்குள் வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“என்ரையைப் போடு பிள்ளை” என்று என் காற்சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அது அவள் இடுப்பில் நிற்காமல் கணுக்காலில் போய் விழுந்தது. (என் வயிறு அப்படி.) அவள் நனைந்தே நடந்தாள்.

நாலாம் நாள் கடைசி முகாமில் மழை பனியாக மாறியது. அவளுக்குப் பல் கிட்டித்து நடுங்கியது. வழிகாட்டி இம்மானுவேல் அவள் விரலில் எதையோ மாட்டிப் பார்த்துவிட்டு, உடனே இறக்க வேண்டும் என்றான். எங்கள் இரண்டு பொதிகளிலும் நனையாத துணி இல்லை. தன் சட்டையொன்றை அவளுக்குப் போட்டு, மேலே என் பதாகையைச் சுற்றி, மூலை ஓட்டைகளில் கயிறு கோத்து இறுக்கிக் கட்டினான். என் முகம் அவள் முதுகில் இளித்தது.

“என் உதவியாள் இவளைப் பத்திரமாக இறக்குவான். நீ விரும்பினால் என்னோடு மேலே வரலாம்” என்றான் என்னிடம்.

தாரணி என்னைப் பார்த்தாள். உதடு நீலம். “நீங்கள் போங்கோ அப்பா. நான் பாத்துக்கொள்ளுறன்.”

‘எனக்குப் போதும்’ என்று ஒருவர் சொன்னால் இன்னும் ஒரு கரண்டி போட வேண்டும் என்று அறிந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அன்றைக்கு மட்டும் அவள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன். போனேன். வெட்கம் கெட்டவன், போனேன்.

உச்சியில் முழுக்கப் பனிப்புகார், நீட்டிய கை தெரியாது. குளிரில் என் போன் செத்துவிட்டது. இம்மானுவேலின் போனில் ஒரு படம் இருக்கிறது. குல்லாவுக்குள் யாரோ நிற்கிறார்கள். அது நான்தான் என்று சத்தியம் செய்ய எனக்கே துணிவில்லை. அட்டைப்படமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இறங்கி வந்தபோது அவள் விடுதியில் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். “மேல எப்பிடி?” என்று மரியாதையாகக் கேட்டாள். ரொறன்ரோ வரும்வரை அவள் பேசியது அவ்வளவுதான்.

இப்போது பதாகை எங்கள் பின்வளவில் பார்பிகியூ அடுப்பை மூடியிருக்கிறது. மார்கழியில் என் மூக்கில் பனி குவியும். வருகிற விருந்தாளிக்கெல்லாம் தாரணி மலையில் நடந்ததை நடித்துக் காட்டுவாள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கோயில் வாசலில் யாருக்காவது சப்பாத்துக் கழற்றச் சுணங்கினால் போதும், “நீங்கள் போங்கோ அப்பா, நான் பாத்துக்கொள்ளுறன்!” என்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

போன மாதம் அவள் மறுபடியும் பொதி கட்டினாள். அதே மலை, இந்த முறை ஓகஸ்டில், தாயோடு. தராசைப் பிடிக்க மட்டும் என்னைக் கூப்பிட்டாள். பதினாலரைக் கிலோ.

“நானும் வரட்டே பிள்ளை?” என்றேன். “பானர் ஒண்டும் இல்லை.”

“நீங்கள்தான் போயிட்டு வந்திட்டியளே, அப்பா” என்றாள். இந்த முறை அவள் நடிக்கவில்லை. பொதியின் சிப்பை இழுத்து மூடி, அதற்குச் சின்னதாக ஒரு பூட்டுப் போட்டாள்.