இடது அக்குள் படலம்

தாம்பரம் ஈன்ற தவப்புதல்வன், சீசன் டிக்கெட்டைக் கவசமாகச் சட்டைப்பையில் தரித்தோன், உடற்கூறு பரீட்சையில் ஒருமுறை வீழ்ந்தும் வாளுறையிடாத வில்பிரட் வாழ்க! அறுபத்தெட்டாம் ஆண்டில் அவன் புரிந்த அக்குள் போரைச் சொல்லப் புகுவோம்.

மருத்துவக் கல்லூரியின் பிண அறுவைக் கூடத்தில், நான்காம் மேசைமீது, ஃபார்மலினில் ஊறி ஊரும் பேரும் துறந்த பெரியவர் ஒருவர் இடக்கை விரித்துக் கிடந்தார். அவர் அக்குளில் தமனியரசனைச் சூழ்ந்து நரம்புப் படைகள் அணிவகுத்து நிற்க, மஸ்குலோகுடேனியஸ் என்னும் நெடும்பெயர் நரம்பு மட்டும், புயத்தசையைத் துளைத்துச் செல்லும் என்று புத்தகம் சத்தியம் செய்திருந்தும், மூன்று நாளாக முகம் காட்டவில்லை. அதைக் காட்டினால்தான் ஆசிரியை டாக்டர் அபிதகுஜாம்பாள் அவன் பயிற்சி அட்டையில் கையெழுத்திடுவார். கையெழுத்து இல்லையேல் இந்த முறை பரீட்சையே எழுத முடியாது.

கொழுப்புக் கோட்டையைத் தகர்த்தான். சவ்வுத் திரைகளைக் கிழித்தான். கடைசியில் தானே அந்த நரம்பை வெட்டித் தொலைத்துவிட்டதாக முடிவுகட்டினான். புத்தகம் பொய்க்குமோ என்ற ஐயம் அவ்வீரனை அணுக அஞ்சியது. எனவே பக்கத்துத் தோல் நரம்பில் விரல் நீளம் அறுத்து, தையலூசியில் கோத்து, படத்தைப் பார்த்துப் பார்த்துத் தசையினூடே செலுத்தி, "கண்டேன் நரம்பை!" என்று முழங்கினான்.

அபிதகுஜாம்பாள் வந்தார். பின்னால் புகைப்படக்காரர் காமிராவும் முக்காலியுமாக வந்தார்.

"நேத்து சாயங்காலம் நீ போனப்புறம் பார்த்தேன், வில்பிரட். இந்தக் கையில அந்த நரம்பே கிடையாது. அதோட வேலையையும் பக்கத்து நரம்பே செய்யறது. பதினோரு வருஷத்துல இப்பதான் இப்படி ஒண்ணு கிடைச்சிருக்கு. உன் பேரைப் போட்டு மியூசியத்துல வைக்கலாம்னு இருந்தேன்."

குனிந்து பார்த்தார். பிறகு இடுக்கியால் மெல்ல இழுத்தார். நட்ட நரம்பு முழுசாகக் கையோடு வந்தது. அட்டை கையெழுத்தில்லாமல் திரும்பியது.

மாலை மின்சார ரயிலில், ஓங்கிய கரங்களின் அடர்வனத்தில், எந்த அக்குளில் எந்த நரம்பு இல்லையோ என்று எண்ணியபடி, இல்லாததைக் கண்டு உள்ளதை இழந்த அம்மாவீரன் தன் நெடுங்கரம் உயர்த்திக் கம்பியைப் பற்றி நின்றான். பல்லாவரத்தில் ஏறிய பூக்காரி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கைய எறக்கு நைனா, ஒரே மருந்து நாத்தமா கீது."

வில்பிரட் கையை இறக்கிக்கொண்டான்.