லாமீன் அடித்துக் கொன்ற எலி

நாபுலிலிருந்து தூனிஸ் நகரத்துக்கு வாடகை வண்டி ஓட்டும் லாமீன், எதற்கும் அஞ்சாதவன் என்று பெயர் எடுத்தவன். அவன் வண்டியை முடுக்கினால் உள்ளே இருக்கும் எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவனைக் கூப்பிடுவார்கள். அவனோ ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் சூரியகாந்தி விதை கொறிப்பான். அப்பேர்ப்பட்டவனுக்கு எலி என்றால் பயம். அது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடையில் அவன் மனைவி ஸல்வாவும் அவளுடைய தங்கைகள் இருவரும் வருஷத்துக்கு வேண்டிய குஸ்குஸை, கோதுமை ரவையை மணி மணியாக உருட்டிக் காயவைத்து, தோட்டத்துச் சாமான் அறையில் மூட்டை கட்டி வைத்தார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒரு மூட்டையின் மூலை பிய்ந்து கிடந்தது.

"என்னங்க, எலி! அறைச் சுவர்ல உள்பக்கமா ஓட்டை இருக்கு. சிமெண்டு பூசி அடைச்சிடுங்க. கூரையைத் தொடுற ஆரஞ்சுக் கிளையையும் வெட்டிடுங்க."

"இன்னிக்கேவா?"

"வருஷம் பூரா நாம சாப்பிடறதா, அது சாப்பிடறதா?"

லாமீன் சிமெண்டு வாளியோடு போய்க் கதவில் காதை வைத்தான். உள்ளே கரக், கரக் என்று சத்தம். கதவைத் திறக்காமலே பின்வாங்கி, சிமெண்டை ஆரஞ்சு மரத்தடியில் கொட்டினான். கொஞ்சத்தை எடுத்துச் சட்டையில் பூசிக்கொண்டு திரும்பினான்.

"அடைச்சாச்சு. இனிமே எறும்புகூட நுழையாது."

மறுநாள் இன்னொரு மூட்டையும் போயிற்று.

"நுழைஞ்சிருக்கே?"

"இது வேற எலி."

"எந்த வழியா வந்துச்சாம்?"

"அதை எலிகிட்டதான் கேக்கணும்."

மரத்தடியில் கல்லாகிக் கிடந்த சிமெண்டை ஸல்வா ஒரு பார்வை பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. லாமீன் பயந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில், சாக்கில் சுற்றிக் கயிற்றால் கட்டிய எலிக்கூண்டு ஒன்றை அவன் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஓடைப் பக்கம் கொண்டுபோய் ஒரு வழி பண்ணிட்டு வாங்க."

"உ... உயிரோட இருக்கா?"

"நான் எதுக்குக் கொல்லணும்? அதான் நீங்க இருக்கீங்களே."

"பெருசா?"

"நீங்களே பாருங்களேன்." அவள் கை முடிச்சுக்குப் போயிற்று.

"வேணாம் வேணாம்! வெளிச்சத்துல அதுக்குக் கண்ணு கூசும்!"

மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த தங்கைகள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் தோள் குலுங்கியது. பாவம், இவர்களும் நடுங்குகிறார்கள் என்று லாமீன் நினைத்தான்.

"வண்டியில வெச்சுக் கொண்டு போங்களேன்" என்றாள் ஸல்வா.

"வண்டியிலயா? நாளைக்கு எவன் அதுல ஏறுவான்?"

கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டான். பழம் பறிக்கும் தொரட்டியின் நுனியில் கூண்டை மாட்டி, உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்தபடி நடந்தான். உள்ளே ஏதோ உருண்டு டொம்மென்று மோதியது.

எதிரே வந்த பக்கத்து வீட்டு தய்யிப் நின்றான். "என்னண்ணே, உள்ள உருளுது?"

"தள்ளி நில்லு. கோவமா இருக்கு."

தெருமுனை தாண்டியதும் லாமீன் கூண்டிடம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தான். "ஐயா, கொஞ்சம் பொறுத்துக்குங்க. உங்ககூட எனக்கு ஒரு பகையும் கிடையாது. எல்லாம் வீட்டுல சொல்லித்தான் செய்யறேன். கடிக்கணும்னா என் பேரை மனசுல வெச்சுக்காதீங்க..."

ஓடைக்கரை சரிவில் தொரட்டி சாய்ந்தது. உள்ளே இருந்ததெல்லாம் தடதடவென்று அவன் பக்கமாக உருண்டு வந்தது. அவ்வளவுதான். கூண்டு, தொரட்டி எல்லாவற்றையும் அப்படியே பள்ளத்தில் வீசிவிட்டு எடுத்தான் ஓட்டம். தூனிஸ் சாலையில் அவன் வண்டிகூட அந்த வேகம் போனதில்லை.

வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று மூச்சு வாங்கினான். காலுறையிலிருந்து கால்சட்டையை உருவிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான்.

"கூண்டைத் திறந்தேன். பாய்ஞ்சுது பாரு! பூனை அளவு. ம்ஹூம், ஆட்டுக்குட்டி அளவு. மீசையே இத்தனை நீளம்!"

"ஐயய்யோ! அப்புறம்?" என்றாள் மூத்த தங்கை.

"ஒரே அடி. தொரட்டி ரெண்டாப் போச்சு. கூண்டு நசுங்கிப் போச்சு. எலி அங்கயே காலி."

"ரத்தம் வந்துச்சா மச்சான்?"

"ஆறா ஓடிச்சு!"

ஸல்வா அவன் கையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள். "புளிப்பா இருந்திருக்குமே?"

"எது?"

"அந்த ரத்தம்."

தங்கைகளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. மிளகாய்த் தட்டைத் தள்ளிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோட்டத்து அறைக்குள்ளிருந்து அதே சத்தம் கேட்டது. கரக், கரக்.

ஸல்வா தம்ளரை வாங்கிக்கொண்டு, புதிதாகக் குழைத்த சிமெண்டு வாளியை அவன் கையில் மாட்டினாள். சாமான் அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"போங்க மகாராசா. ஓடையில நீங்க கொன்னது எலுமிச்சம். உள்ள இருக்கறது எலி மிச்சம்."