கட்டிலுக்கு ரசமட்டம் வைத்தவர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் நீங்கள் போனில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் வரை இந்த வீட்டில் யாரும் நலமாக இருக்க வழியில்லை.

போன வாரம் உங்கள் மாப்பிள்ளை படுக்கையில் புரண்டதும் அறையே ராட்டினமாகச் சுற்றியிருக்கிறது. வேறொருவர் என்றால் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார். இவர் கொத்தனார் அல்லவா, ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. சுவரைப் பார்த்தார், ஜன்னல் படியைப் பார்த்தார். எல்லாம் அவர் கட்டியவை, ஆகவே குற்றமற்றவை. கடைசியில் கட்டிலில் வைத்தார். குமிழி மயிரிழை நகர்ந்தது. “பாத்தியா, உங்கண்ணன் தச்சு வேலையை! கட்டில் கோணல், அதான் தலை சுத்துது” என்று ஒரு காலை இழைத்தார். மறுநாளும் சுற்றியது. இன்னொரு காலை இழைத்தார். உங்களிடம் சொன்னால் மனிதருக்கு என்ன என்று கேட்பீர்கள் என்று பார்த்தேன். “என் கட்டிலா கோணல்? அவரு போட்ட தரைதான் கோணல். இவருக்கு வெறும் பித்தம், வெந்நீர் குடிக்கச் சொல்லு” என்றீர்கள். வெந்நீரைக் குடித்துவிட்டுச் சாரம் ஏறினார். மேலே பூசுவதற்கு அண்ணாந்தார், அவ்வளவுதான். குறுக்குக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கீழே ஜல்லிக் குவியல். அந்தக் கம்பு இல்லையென்றால் உங்களுக்கு இன்று வேறு மாதிரி கடிதம் வந்திருக்கும்.

அன்றே டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கண்ணைப் பார்த்தார். “காதுக்குள்ள பொடிப்பொடியா துகள் இருக்கும். அது இடம் மாறிடுச்சு. அதான் புரண்டா, அண்ணாந்தா சுத்துது” என்று சொல்லி, தலையை மெல்ல மெல்லத் திருப்பியே சரிசெய்தார். பிறகு கறாராகச் சொன்னார்: “முதல் தடவை சுத்தினப்பவே வந்திருக்கணும். கூடவே பேச்சு குழறினா, எல்லாம் ரெண்டா தெரிஞ்சா, முகம் கோணினா, கை கால் தளர்ந்தா, நிக்கவே முடியலன்னா, அது வேற. வீட்ல யாரையும் யோசனை கேக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.” ‘யாரையும்’ என்றபோது எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது.

தலைக்குள் நடப்பதைத் தரையில் தேடுகிறவர் ஒருவர், ஆளைப் பார்க்காமலே பித்தம் என்கிறவர் ஒருவர். இரண்டு மேதைகளுக்கு நடுவில் நான் ஒருத்திதான் புத்தியோடு இருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்களுக்கும் உண்டு, கொஞ்சம் குறைவாக.

தங்கை

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளது அவள் படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதியது. என்னைத் திட்டிய இடங்களில்கூடக் கை வைக்கவில்லை. நீயே எழுதலாமே என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நேற்றிலிருந்து தலையைத் தூக்கினாலே அவளுக்கு அறை சுற்றுகிறதாம். “எனக்கு வெறும் அசதிங்க. இதுக்குப் போயி டாக்டரா?” என்கிறாள். வாடகை வண்டியை வரச் சொல்லிவிட்டேன். அவள் சம்மதத்தைக் கேட்கவில்லை.