எட்டு ஆம், இரண்டு இல்லை

எட்டுக் கேள்விக்கு 'ஆம்' போட்டுத் தாளைக் கொடுத்துவிட்ட பிறகுதான் டிரைவர் தேவநாதனுக்குத் தெரிந்தது, ஷெட்டில் மற்ற முப்பத்தொரு பேரும் பத்துக்குப் பத்து 'இல்லை' போட்டிருக்கிறார்கள் என்று.

சொன்னவன் பெரியதம்பி, அவனுடைய கண்டக்டர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடும் வரதா மோட்டார் சர்வீஸின் மூன்றாம் நம்பர் ஃபார்கோ பஸ்ஸில் இருவரும் ஆறு வருடமாக ஒன்றாக வேலை பார்த்தார்கள்.

"இன்னாண்ணே பண்ணி வச்சிருக்க? அது பைத்தியத்தைக் கண்டுபுடிக்கிற தாளு."

"யூனிபாரம் தாளுன்னு நெனச்சேன்டா," என்றான் தேவநாதன்.

அப்படி நினைக்க அவனுக்குக் காரணம் இருந்தது. போன தீபாவளிக்குக் கம்பெனியில் இதே மாதிரி அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். சட்டை கிழிந்திருக்கிறதா? செருப்பு தேய்ந்திருக்கிறதா? ஆம், இல்லை. கௌரவம் பார்த்து 'இல்லை' போட்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. 'ஆம்' போட்டவர்களுக்கு இரண்டு செட் காக்கி வந்தது. தேவநாதன் அன்றைக்கு கௌரவம் பார்த்தவன். இந்த முறை ஏமாறக் கூடாது என்று தீர்மானித்து, காலையில் வண்டி எடுக்கும்போது குமாஸ்தா கொடுத்த தாளைத் திண்டிவனம் ஸ்டாண்டில் ஸ்டியரிங் மேலேயே வைத்து நிரப்பினான். தூக்கம் கெடுகிறதா? ஆம். காரணமில்லாமல் அழுகை வருகிறதா? கேட்டு வைப்போம், ஆம். லீவோ டானிக்கோ ஏதாவது ஒன்று கொடுப்பார்கள். 'சாப்பாடு பிடிக்காமல் போகிறதா' என்பதற்கு மட்டும் 'இல்லை' போட்டான். பெண்டாட்டி காதுக்குப் போனால் வம்பு. 'வாழ்ந்து பயனில்லை என்று தோன்றுகிறதா' என்பதற்கும் 'இல்லை'. அதற்கு 'ஆம்' என்றால் பேராசையாகத் தெரியும்.

எட்டில் ஏழு பொய். ஒன்று உண்மை. நெஞ்சு படபடக்கிறதா என்ற கேள்வி.

எட்டு மாதத்துக்கு முன் கூட்டேரிப்பட்டு வளைவில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. வண்டிக்காரன் சிராய்ப்போடு பிழைத்தான். மாடு ஒன்று பிழைக்கவில்லை. தேவநாதன் மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த வளைவு வந்தால் அவன் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கும். இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் ஓட்டிய கோதண்டபாணிக்குக் கண் மங்குகிறது என்று தெரிந்த மறுநாளே முதலாளி அவரைக் கீழே இறக்கி வண்டி கழுவ விட்டுவிட்டார். தான் ஓட்டிய வண்டியையே அவர் வாளித் தண்ணீரோடு சுற்றி வருவதைப் பார்க்க டிரைவர்களுக்கு மனம் வராது.

தாளைக் கொண்டுவந்தவர் மதராஸ் டாக்டர். முதலாளியின் மைத்துனர் மகன், முப்பத்தைந்து வயது, ஒல்லி. தேவநாதன் திண்டிவனத்தில் இருந்த நேரத்தில் ஷெட்டில் எல்லோரையும் நிற்கவைத்து விளக்கியிருக்கிறார். ஒருவனுக்கு மனதில் பயமோ சோர்வோ நோயாக முற்றியிருக்கிறதா என்று பார்க்க டாக்டருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இந்தப் பத்துக் கேள்வித் தாள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுமாம். அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் தாளை நிரப்பிக் கவரில் ஒட்டிவிடுவது. பிறகு கவரைப் பிரிக்காமல் அவர் ஒவ்வொருவரிடமும் பேசுவது. பதினைந்து நாள் கழித்து மறுபடி அதே தாள். மூன்றும் ஒத்துப்போனால் தாள் சரி, போகாவிட்டால் தாள் தப்பு. பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான்.

இரண்டு தடவை பொறுமையாகச் சொன்னாராம். ஆனால் முதல் வாக்கியத்திலேயே மனநோய் என்ற வார்த்தை வந்துவிட்டதால் அதற்குப் பிறகு அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. ஷெட்டுக்குத் திரும்பியதும் அவர்களிடம் கேட்டுப் பெரியதம்பி புரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஆறு 'ஆம்' தாண்டினவனைக் காரில் ஏற்றி மதராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

தேவநாதனின் நம்பர் பதினேழு. அவன் நேராகக் குமாஸ்தா ராஜாமணியிடம் போய், கவரைத் திருப்பித் தரச் சொன்னான். ராஜாமணி தரவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வந்ததையெல்லாம் எழுதி வைக்கிற மனிதர் அவர். 'பதினேழாம் எண் தன் கவரைத் திரும்பக் கேட்டார், காரணம் கூறவில்லை' என்று ஒரு சீட்டில் எழுதிக் கவரோடு குண்டூசி குத்திவிட்டார்.

இனி பேச்சில்தான் தப்பிக்க வேண்டும் என்றான் பெரியதம்பி.

"டாக்டரு எதைக் கேட்டாலும் சிரிண்ணே. சிரிக்கிறவனைப் பைத்தியம்னு எவனும் சொல்ல மாட்டான்."

தேவநாதன் இரண்டு நாள் சிரித்துப் பழகினான். முறை வந்தபோது ஆபீஸ் அறைக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்தான். டாக்டர் எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து பார்த்தார்.

"அப்பா இருக்காரா?"

"செத்துட்டாருங்க," என்று சிரித்தான் தேவநாதன்.

அம்மாவும் செத்துவிட்டதாகச் சிரித்தான். பிள்ளை இல்லை என்பதற்கும் சிரித்தான். முக்கால் மணி நேரத்தில் தாடை வலித்துவிட்டது. கடைசியில் டாக்டர் பேனாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பயம்னு ஒண்ணு... எதுக்குமே வராதா உங்களுக்கு?"

"வராதுங்க."

"ராத்திரி படுத்தா உடனே தூக்கம் வந்துடுமா?"

"தலையணையத் தேடுறதுக்குள்ள வந்துடுங்க."

டாக்டர் அவனை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு நோட்டில் எதையோ எழுதி இரண்டு கோடு போட்டார்.

வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும் பெரியதம்பிக்கு முகம் மாறிவிட்டது. யோசனை சொன்னவனுக்கே இப்போதுதான் விஷயம் உறைத்தது.

"அண்ணே, வாய் இல்லைங்குது, தாளு ஆமாங்குது. கவரைப் பிரிச்சா இன்னா நெனைப்பாரு? வெறும் பைத்தியம்னாக்கூட வைத்தியம் பார்ப்பாங்க. நீ பைத்தியத்தை மறைக்கிற பைத்தியம்னு எழுதிக்கினு போயிடுவாரு."

அன்றிலிருந்து தேவநாதனுக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் வெள்ளைத் தாள் கண்ணில் வந்து நின்றது. சோறு இறங்கவில்லை. அவன் மனைவி தையல்நாயகி மீன் குழம்பு வைத்தாள், கேப்பைக் களி கிண்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் விக்கிரவாண்டியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது காரணமே இல்லாமல் அழுகை வந்தது. முதல் தாளில் பொய்யாகப் போட்ட ஏழும் ஒவ்வொன்றாக வந்து அவனிடம் குடியேறின.

கூட்டேரிப்பட்டு வளைவு இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்துவான். இறங்கி நடந்துபோய், அந்தப் பக்கம் மாடு ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்ப்பான். திரும்பி வந்து ஏறி ஓட்டுவான். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. இரண்டு நாள் பெரியதம்பி, டிரைவருக்கு வயிறு சரியில்லை என்று பயணிகளிடம் சமாளித்தான். மூன்றாம் நாள் நிலக்கடலை மூட்டையோடு வந்த மல்லாட்டை வியாபாரி ஒருவர் பின்னாலேயே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டார். வயிறு சரியில்லாதவன் சாலை நடுவில் நின்று காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வியாபாரி முதலாளிக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டார்.

பதினைந்தாம் நாள் இரண்டாவது தாள் வந்தது. தேவநாதன் அதை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனான். தையல்நாயகியிடம் அதுவரை சொல்லாத எல்லாவற்றையும் சொன்னான், வளைவைத் தவிர.

"மொத தாள்ல எட்டு. வாயில ஒண்ணுமில்ல. இப்ப இன்னா போடுறது?"

தையல்நாயகி சந்தையில் பேரம் பேசிப் பழகியவள்.

"ரெண்டுக்கும் நடுவுல நாலு போடுங்க. அவங்களுக்கும் மனசு ஆறும்."

உண்மையைப் போடுவதென்றால் அன்றைக்குப் பத்தும் 'ஆம்'தான். தேவநாதன் நாலு போட்டான். முன்னே எதெதற்கு 'ஆம்' போட்டோம் என்பது அவனுக்கு நினைவில்லை. முதலில் இருக்கும் கேள்விகள்தான் பெரிய நோயாக இருக்கும் என்று நினைத்துக் கடைசி நாலுக்குப் போட்டான். முதல் தாளில் பெண்டாட்டிக்கும் பேராசை என்ற பேருக்கும் பயந்து 'இல்லை' போட்டிருந்த இரண்டும் அந்தக் கடைசி நாலில்தான் இருந்தன.

திங்கட்கிழமை காலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அறையில் முதலாளி, டாக்டர், மேஜை மேல் இரண்டு தாள், ஒரு நோட்டு, ராஜாமணி குத்திய சீட்டு, மல்லாட்டை வியாபாரியின் அஞ்சலட்டை. மூன்றாம் நம்பர் வண்டியின் சாவியும் அங்கே இருந்தது. அதை யார் எடுத்து வைத்தார்கள் என்று தேவநாதனுக்குத் தெரியவில்லை. வெளியே கோதண்டபாணி வண்டி கழுவும் தண்ணீர் சத்தம் கேட்டது.

"தேவநாதா, இதுல எதுடா நிஜம்?" என்றார் முதலாளி.

தேவநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யூனிபாரத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். சிரித்துப் பழகியதைச் சொன்னான். நாலு போட்டதைச் சொன்னான். கடைசியில், யாரிடமும் சொல்லாததையும் சொன்னான்.

"அந்த வளைவு வந்தா கை வேர்த்துடுதுங்க மொதலாளி. மாடு இன்னும் அங்கியே படுத்துக்கினு இருக்கிற மாதிரி தெரியுது. வண்டியக் கழுவச் சொல்லிடாதீங்க. ஓட்டுறத வுட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க."

முதலாளி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். கண்கள் பளபளத்தன. மேஜையைச் சுற்றி வந்து, தேவநாதனைக் கைப்பிடித்துத் தூக்கி, அந்தக் கையை விடாமல் குலுக்கினார். முதல் தாள் எட்டு, பேச்சு பூஜ்யம், இரண்டாம் தாள் நாலு, அதிலும் இரண்டு முன்னே 'இல்லை' போட்டவை. இப்படி ஒரு ஆள் கிடைத்தால் போதும், தாள் செல்லாது என்று நிரூபித்துவிடலாம் என்று முதலாளியிடம் மளமளவென்று சொன்னார். மற்ற முப்பத்தொரு பேரும் வெறும் 'இல்லை' போட்டு அவரை ஏமாற்றிவிட்டார்களாம்.

"அப்ப இவன் ஓட்டலாமா?" என்றார் முதலாளி.

"தாராளமா. கை வேர்க்கறது, மாடு தெரியறது இதெல்லாம் நோயே இல்ல மாமா. எல்லாருக்கும் உள்ளதுதான்."

அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். பதினேழாம் எண் மனநலம் பூரணமாக உள்ளவர், எந்த வண்டியும் ஓட்டத் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி சாவியைத் தேவநாதன் பக்கம் தள்ளினார்.

அவன் வெளியே வந்தபோது வயிறு நன்றாகப் பசித்தது. பதினைந்து நாளில் முதல் பசி. வாசலில் டாக்டரின் காரோடு அவருடைய டிரைவர் சவுரிராயன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். தேவநாதன் கடிதத்தை அவனிடம் காட்டினான். யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியவில்லை. பெரிய மனிதர் உங்க டாக்டர், ஆளைப் பார்த்தே மனதைச் சொல்லிவிடுகிறார் என்றான்.

சவுரிராயன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். பீடியைக் கீழே போட்டு மிதித்தான். திரும்பி ஆபீஸ் ஜன்னலைப் பார்த்துவிட்டு, அவன் காதருகே வந்தான்.

"எங்க டாக்டரு இந்தத் தாள்ல பத்துக்குப் பத்து 'ஆமா' வாங்கிட்டாருண்ணே, அதான் ஆஸ்பத்திரில வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க, தாளு தப்புன்னு ருசு பண்ணிட்டா திரும்பச் சேத்துக்குவாங்கன்னு ஆறு மாசமா ஊரு ஊரா அலைஞ்சிக்கினு இருக்காரு."