காது மந்தம் என்றுகூட எழுதியிருந்தேன்

அன்புள்ள சில்வேனஸ் அண்ணனுக்கு,

தீயில் கொட்டகையோடு போயிற்று, மாடுகள் தப்பின என்று தினமும் கர்த்தரை ஸ்தோத்திரித்துக்கொண்டு தங்கை லோவினா எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் பசுக்களும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, என் முழங்காலைத் தவிர.

கொட்டகைக்காக எங்கள் சபையார் சேர்த்த பதினோராயிரம் டாலர் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சபைக் கணக்கு என் கையில் இருப்பதால் பதிலும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பெயரில் அங்கே நாலு பேர் இருக்கிறார்களே, மாறிப்போய்விடக் கூடாதே என்று வங்கித் தாளில் 'சில்வேனஸ் ஹெர்ஷ்பெர்கர், ஜோனாவின் மகன், செங்கல் வீடு, இடது காது மந்தம்' என்று ஒன்று விடாமல் எழுதினேன். பெயரிலேயே கண்ணாக இருந்ததில் கணக்கு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. பணம் உங்கள் வங்கியிலேயே கணக்கு வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் போய் உட்கார்ந்துவிட்டது. குளிர்பெட்டி பழுதுபார்க்கிற டுவேன். பெயர் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வங்கிப் பெண் சொன்னாள்.

"பேரும் நம்பரும் ஒத்துவரலேன்னாலும் நம்பரை மட்டும் பாத்துப் போடலாம்மா. சட்டமே அப்படித்தான்."

"காதைப் பத்திகூட எழுதியிருக்கேனே?"

"மெஷின் அதெல்லாம் படிக்காதும்மா."

"அப்ப பணம் அவருக்கா?"

"அவருக்கும் உரிமை இல்லை. தரலேன்னா கேஸ் போடுங்க."

"நாங்க கோர்ட்டுக்குப் போறதில்லம்மா. எங்க விசுவாசத்துல கூடாது."

அவள் பேனாவை மூடிவிட்டாள். "அப்ப அவர்கிட்டயே நல்லவிதமா பேசிப் பாருங்க."

நல்லவிதமாகப் பேச ஆப்பிள் பை வேண்டியிருக்கிறது. வாராவாரம் ஆப்பிளை மாவில் பொதிந்து சுட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் சமையலறையில் உட்கார்ந்தேன், மாவும் வெண்ணெயும் வீட்டுச் செலவில்தான், சபைக் கணக்கில் எழுதவில்லை.

"கடவுளே அனுப்பினார்னு நெனச்சேம்மா," என்றார் முதல் வாரம்.

"கடவுள் அனுப்பினா என் கையெழுத்து எதுக்குங்க?"

போன வாரம்தான் இறங்கிவந்தார். "போதும்மா, நீங்க சுட்டதைத் தின்னு சட்டைப் பொத்தான் மாட்டமாட்டேங்குது. புதன்கிழமை வாங்க, செக் தர்றேன்." இன்று புதன். உங்கள் மைத்துனர் ரூபன் குதிரை வண்டியில் வாங்கிவரப் போயிருக்கிறார். நீங்கள் தயங்காமல் மரத்துக்குச் சொல்லிவிடுங்கள். பனி விழுவதற்குள் கூரை ஏறிவிட வேண்டும்.

உங்கள் வீட்டு அடுப்பும் மாடுகளின் மடியும் வற்றாமல் ஆண்டவர் காப்பாராக.

அன்புத் தங்கை,
லோவினா

பின்குறிப்பு: மரத்துக்குச் சொல்லாதீர்கள். உங்கள் மைத்துனர் வெறுங்கையோடு வந்து நிற்கிறார்.

"செக் எங்கே?"

"போற வழியில மனசு உறுத்திச்சு லோவினா. வாசல்லயே அவரை மன்னிச்சுட்டேன், பணமெல்லாம் உங்களுக்கேன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் செக்கை நீட்டினாரு. மன்னிச்சப்புறம் கை நீட்ட முடியுமா?"

"சபைப் பணத்தை நீங்க எப்படி மன்னிப்பீங்க? அவரு என்ன பண்ணாரு?"

"அழுதாரு. செக்கை மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டாரு."

மாவு பிசைந்துவிட்டேன். காலையில் நானே போகிறேன். நான் இன்னும் யாரையும் மன்னிக்கவில்லை.